வரைபடத்தில் செத்த மரம் நேரில் தளிர்க்கிறது: பினாங்கு அலையாத்திக் காட்டில் ட்ரோன் கோளாறுகள்

முதல் வருடம் நாங்கள் கொடுத்த அறிக்கையில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிவிடும். சுங்கை ஆச்சே பக்கம் நட்டிருந்த பாக்காவ் என்னும் அலையாத்தி மரக் கன்றுகளில் பாதிக்கு மேல் காணவில்லை என்று எழுதியிருந்தோம். ட்ரோன் படமும் அப்படித்தான் காட்டியது. கன்று நட்டவர்களில் ஒருவரான ஒரு பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) மறுபேச்சுப் பேசாமல் எங்களைச் சம்பான் படகில் ஏற்றிக் கூட்டிப்போனார். கன்றுகள் வரிசை குலையாமல் நின்றுகொண்டிருந்தன. நாங்கள் படமெடுத்த நேரத்தில் கடல் ஏறியிருந்தது, கன்றின் தலைக்கு மேல் தண்ணீர். விஷயம் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்தக் கோளாறு வந்தாலும் நான் கேட்பது ஒரே வரிசையில்தான். தண்ணீர் எவ்வளவு ஏறியிருந்தது? வெயில் எங்கிருந்து விழுந்தது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகே கருவியைத் தொடுவேன். புதிதாக வரும் தம்பிகள் தலைகீழாகப் போகிறார்கள். முதல் வேலையாக மென்பொருளை அப்டேட் செய்கிறார்கள், கேமராவைத் திட்டுகிறார்கள், கடைசியில்தான் கடலைப் பார்க்கிறார்கள்.

கீழே உள்ளவை பெருநிலத்தில் நிபோங் தெபால், பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் ஆகிய கரைகளில் எங்களுக்கு அடிக்கடி வந்தவை. எங்களிடம் இருப்பது சாதாரண வண்ணக் கேமராவோடு பச்சை, சிவப்பு, சிவப்பு விளிம்பு, அகச்சிவப்பு என நான்கு அலைவரிசைகளில் எடுக்கும் மல்டிஸ்பெக்ட்ரல் ட்ரோன். உங்களிடம் வண்ணக் கேமரா மட்டும் இருந்தாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

போன மாதம் இருந்த கன்று இந்த மாதம் இல்லை

இரண்டு பறப்புகளின் நேரத்தையும் எடுத்து ஓதப் பட்டியலில், அதாவது கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையில், வைத்துப் பாருங்கள். ஜூபெம் என்று நாம் சொல்லும் நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் இரண்டு மீட்டர் வித்தியாசம் இருக்கும். நட்டு ஒரு வருடம் ஆன கன்று அதில் பாதி உயரம்கூட இருக்காது. ஓத மட்டம் இரண்டு முறையும் ஒன்றாக இல்லை என்றால் ஒப்பீட்டை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டு படங்களையும் வைத்துக் கன்று எண்ணக் கூடாது.

அடுத்த முறை ஒரே மட்டத்தில் எடுப்பது எப்படி? ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆனால் சந்திரனோடு சேர்ந்து தள்ளுவதால் ஏறக்குறைய 15 நாளில் பழைய நேரத்துக்கே திரும்பி வந்துவிடும். வீட்டுச் சுவரில் அம்மா மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டி இதற்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. இன்று துவிதியையில் காலை ஒன்பது மணிக்குச் சேறு வெளியே தெரிந்தது என்றால், அடுத்த மாதத் துவிதியையிலும் அதே ஒன்பது மணிக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். நாளைத் திதியை வைத்துக் குறியுங்கள், மட்டத்தைப் பட்டியலில் பார்த்து உறுதி செய்யுங்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதான் உங்க தாத்தா திதி பார்த்து வலை போடுவாரே" என்றார். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஓதம் ஒத்திருந்தும் கன்று தெரியவில்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். எங்கள் வண்ணக் கேமராவில் 120 மீட்டரிலிருந்து எடுத்தால் படத்தின் ஒரு புள்ளி தரையில் 3 சென்டிமீட்டருக்கு மேல் வரும். இளம் பாக்காவ் கன்றில் இருப்பதே நாலைந்து இலை. அந்த இலைகள் இரண்டு மூன்று புள்ளியாகச் சுருங்கிச் சேற்று நிறத்தோடு கலந்துவிடும். 30 மீட்டருக்கு இறங்கினால் புள்ளி 1 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும், கன்றைக் கன்றாக எண்ணலாம். பேட்டரி அதிகம் செலவாகும்தான். கன்றுத் திடலை மட்டும் தாழப் பறந்தும் வளர்ந்த காட்டை உயரப் பறந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பறப்பில் முடிக்கும் ஆசையால்தான் எங்களுக்குப் பல நாள் வீணானது.

இதெல்லாம் சரியாக இருந்தும் கன்றைக் காணோம் என்றால், அது ஒருவேளை உண்மையாகவே போயிருக்கும். கால் சேற்றில் இறங்க வேண்டிய நேரம் அது.

தண்ணீரும் ஈரச் சேறும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கின்றன

இது சூரியன் முகம் பார்ப்பது. கேமரா நேர்கீழே பார்க்கிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி சூரியனைத் திருப்பிக் காட்டுகிறது. அந்த இடத்தில் நான்கு அலைவரிசையும் நிரம்பி வழியும். எந்தக் கணக்குப் போட்டும் அதை மீட்க முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு, அதைத் தாண்டி இரண்டு மணிக்குப் பறந்தால் போதும்' என்று கணக்குப் போடுவார்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டு, கிழக்கே 120 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்துக்கு மாறியது. பினாங்கு இருப்பதோ 100 டிகிரியில். அதனால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய மதியம் 1.20க்கு. இரண்டு மணி என்பது உச்சியிலிருந்து நாற்பது நிமிடம்தான். அதுவும் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் 10 வாக்கிலும் சூரியன் அப்படியே நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும் அந்த நாட்களில் நடுப்பகல் படம் எதற்கும் உதவாது.

கணக்கு எளிது. கேமராவின் மொத்தப் பார்வைக் கோணம் 84 டிகிரி என்றால் பாதி 42. சூரியன் உச்சியிலிருந்து 42 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் அதன் பிம்பம் சட்டத்துக்கு வெளியே போய்விடும். நமக்கு அது காலை சுமார் 10.30க்கு முன்பும் மாலை 4க்குப் பிறகும். அலை இருந்தால் பிம்பம் சிதறும், ஆகவே இரு பக்கமும் இன்னும் அரை மணி விடுங்கள். காலை எட்டரையிலிருந்து பத்து வரை என் நேரம். மாலையில் இடி மழைக்குப் பயப்பட வேண்டும். நிழல் நீளும் என்பது உண்மை. ஆனால் நிழலை வைத்துச் சமாளிக்கலாம், வெள்ளைப் பூப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

போலரைசர் ஃபில்டர் மாட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ட்ரோன் ஒவ்வொரு வரிசை முடிவிலும் திரும்பும்போது ஃபில்டரின் விளைவும் மாறும், வரிசைக்கு வரிசை வெவ்வேறு வெளிச்சம் கிடைக்கும்.

படங்கள் ஒட்ட மறுக்கின்றன, காட்டின் நடுவில் ஓட்டை

எடுத்த படங்களை மென்பொருள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் வரைபடம் ஆக்குகிறது. ஒட்டாதது எந்த இடம் என்று பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் கவலை வேண்டாம். அலை நொடிக்கு நொடி மாறும், எந்த மென்பொருளாலும் அதில் பொதுப் புள்ளி காண முடியாது. ஒவ்வொரு வரிசையும் தண்ணீரிலேயே முடியாமல் கொஞ்சமாவது கரையைத் தொடும்படி பாதையைத் திருப்பிப் போடுங்கள்.

மரங்களுக்கு நடுவில் ஓட்டை என்றால், பறக்கும் உயரத்தை எங்கிருந்து கணக்கிட்டீர்கள்? சேற்று வரப்பில் நின்று 60 மீட்டர் என்று போடுகிறோம். மரம் 20 மீட்டர் என்றால் இலைக்கும் கேமராவுக்கும் இடையில் 40 மீட்டர்தான். முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் மேற்பொருத்தம் (ஒரு படம் அடுத்ததன் மேல் விழும் பங்கு) என்று திரையில் போட்டது, மர உச்சியில் 70, 55 ஆகக் குறைந்துவிடுகிறது. ஒரே மாதிரிப் பச்சை, அதுவும் காற்றில் ஆடும் பச்சை, இதற்கு 55 போதாது. உயரத்தை மர உச்சியிலிருந்து கணக்கிடுங்கள், இல்லையென்றால் 85, 80 என்று ஏற்றிப் போடுங்கள். நிப்பாப் பனையின் மட்டைகள் ஆடுவது இன்னும் மோசம். காற்று விழித்துக்கொள்வதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

சமமான சேற்றுத்திடல் கிண்ணம் மாதிரி வளைந்து தெரிகிறது

எல்லாப் படமும் நேர்கீழே, எல்லா வரிசையும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், லென்சின் சிறு வளைவை மென்பொருள் தரையின் வளைவு என்று எடுத்துக்கொள்ளும். குறுக்காக ஒரு பறப்பைச் சேர்த்து, அதில் கேமராவை 20 முதல் 30 டிகிரி சாய்த்து எடுங்கள். பாதி குணமாகிவிடும்.

மீதிப் பாதிக்குத் தரைக் குறிகள் வேண்டும். சேற்றில் பலகை வைத்தால் அடுத்த ஓதத்துக்குள் அது புதைந்துவிடும் அல்லது மிதந்து போய்விடும். நாங்கள் பிவிசி குழாயைக் கெட்டித் தரை தட்டும் வரை இறக்கி, மேலே கறுப்பு வெள்ளைத் தட்டைத் திருகி வைக்கிறோம். தட்டை எடுத்துக்கொண்டு போகலாம், குழாய் அடுத்த மாதத்துக்கும் அதே இடத்தில் நிற்கும். விளிம்பில் மட்டும் வைத்தால் பயனில்லை, நடுவிலும் ஒன்றிரண்டு வேண்டும். அதில் சிலவற்றை மென்பொருளுக்குச் சொல்லாமல் ஒளித்து வையுங்கள், பின்னால் சரிபார்க்கத் தேவைப்படும்.

தரையின் உயரம் மைனஸில் வருகிறதா? அது கோளாறே இல்லை. ஜிபிஎஸ் பூமியைச் சீரான நீள்வட்ட உருண்டையாக வைத்து அளக்கிறது, நம் பக்கத்துக் கடல் மட்டம் அந்த உருண்டைக்குக் கீழே கிடக்கிறது. வரைபட உயரமோ கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பார்த்த சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. ஓதப் பட்டியலின் பூச்சியம் மூன்றாவது. மூன்று பூச்சியங்களையும் கலக்காதீர்கள். கலந்தால், எந்த மட்டத்தில் எந்தக் கன்று மூழ்கும் என்ற கணக்கே புரண்டுவிடும்.

என்டிவிஐ படம் சிவந்துவிட்டது: மரம் சாகிறதா?

இந்த அறிகுறிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள், அறிக்கை படிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்தப் படத்தைத்தான். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் வருவது என்டிவிஐ, இலையின் நலத்தைக் காட்டும் எண். நலமான இலை சிவப்பொளியை விழுங்கும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். எண் ஒன்றை நெருங்கும், படத்தில் பச்சையாக வரும். எண் குறைந்தால் சிவப்பாக வரும்.

சிவப்புத் திட்டின் உருவத்தை முதலில் பாருங்கள். அது ட்ரோன் பறந்த வரிசையோடு ஒட்டி நீளமாகப் போனால் அது மேகம். ஓடையோடு வளைந்து போனால் அது மரம். இந்த ஒரு சோதனை எங்கள் குழப்பங்களில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது. மேகமாக இருந்தால், பறப்புக்கு முன்னும் பின்னும் வெளிச்சத்தை ஒப்பிட உதவும் சாம்பல் நிற அளவுத் தட்டைப் படமெடுத்தீர்களா என்று பாருங்கள். எடுக்கும்போது உங்கள் நிழல் தட்டின் மேல் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் குழுவில் ஒருவரின் தொப்பி நிழலால் ஒரு மாதமே பாழானது. யார் என்று சொல்ல மாட்டேன், நான்தான். வானம் முழுக்க ஒரே சீராக மூடியிருந்தால் பறக்கலாம், விட்டு விட்டு மறைக்கும் மேகம்தான் ஆகாது.

அடுத்தது, எந்த மரம்? கரையோரத்து உள்பகுதியில் ஒரு மரம், இலை உதிர்வதற்கு முன் பழுத்துச் சிவந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் நோய் பிடித்த மாதிரியே இருக்கும். மலாயில் புத்தா புத்தா. பெயரிலேயே குருடு இருக்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. இது வேறு யாருமில்லை, சிதம்பரத்தின் தல மரமான நம் தில்லைதான். சிவந்ததும் நோய் என்று எழுதிவிடாதீர்கள். சில வாரம் பொறுத்து மறுபடி பறந்தால் புதுத் தளிர் தெரியும். நேரில் சோதிக்கப் போகிறவர்கள் கிளையை ஒடிக்கக் கூடாது.

மூன்றாவது, எதிர்த்திசைப் பொய். வெறும் சேறு பச்சையாகக் காட்டும். வற்றிய நேரத்தில் சேற்றின் மேல் பழுப்பு நிறத்தில் மெல்லிய பாசிப் படலம் விரியும், அதிலும் பச்சையம் உண்டு. 'இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் தாவரம்' என்று மட்டும் பிரித்தால் பாசியும் காட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். உயரப் படத்தையும் சேர்த்து, தரையிலிருந்து எழும்பி நிற்பதை மட்டும் எண்ணுங்கள்.

நான்காவது, அடர்ந்த காட்டில் மாற்றமே தெரியவில்லை என்பது. இலை திருப்பும் பங்கு சிவப்பில் 0.04, அகச்சிவப்பில் 0.40 என்றால் என்டிவிஐ 0.82. அகச்சிவப்பு 0.50க்கு ஏறினாலும் எண் 0.85தான். இலை கால் பங்கு அதிகம் ஒளி திருப்பியும் படம் அசையவில்லை. அடர்காட்டுக்குச் சிவப்புக்குப் பதில் சிவப்பு விளிம்பை வைத்துக் கணக்கிடும் என்டிஆர்இ பாருங்கள்.

இத்தனையும் தாண்டி மிஞ்சுவதே உண்மையான சாவு. அதற்கும் உருவம் உண்டு. காட்டின் நடுவில் கிட்டத்தட்ட வட்டமாக ஒரு ஓட்டை என்றால் இடி விழுந்த இடமாக இருக்கலாம், அலையாத்திக் காடுகளில் இது வழக்கம். தானே அடைந்துகொள்ளும், விட்டுவிடுங்கள். கடலோர விளிம்பில் வரிசையாக மரம் சாய்ந்தால் அலை அரிப்பு. வரப்புக்கோ சாலைக்கோ பின்னால் திட்டாகச் செத்தால், ஓதம் வந்து போகும் வாய்க்கால் அடைபட்டுத் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுகிறது என்று சந்தேகப்படுங்கள். இந்த மூன்றாவதுக்குத்தான் மனிதர் கை வைத்தால் பலன் உண்டு, ஆகவே அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டியதும் இதுதான்.

மரங்கள் நேரில் பார்ப்பதைவிடக் குட்டையாகத் தெரிகின்றன

அடர்ந்த இலைக்கூரையைத் தாண்டிச் சாதாரணக் கேமரா தரையைக் காணாது. மென்பொருள் கீழ்க்கிளையைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். லேசர் ஒளியால் அளக்கும் லைடார் வாடகைக்கு எடுக்கக் காசு இருந்தால் நல்லது. இல்லையென்றால், ஓரத்தில் திறந்திருக்கும் சேற்றின் உயரத்தையே காட்டுக்குள்ளும் தரையாக வைத்துக்கொள்ளுங்கள். அலையாத்தித் தரை பெரும்பாலும் தட்டை என்பதால் பிழை சிறிதாகவே இருக்கும்.

பறப்பிலேயே தகராறு

கிளம்பவே மாட்டேன் என்கிறது: எங்கே நிற்கிறீர்கள்? தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். இரண்டுக்கும் இடையில் கட்டுப்பாட்டு வான்வெளி நிறைய. இது கருவிக் கோளாறு இல்லை, அனுமதி விஷயம். காம் எனும் வான் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 400 அடிக்கு மேல் பறக்கவும் அவர்கள் அனுமதி வேண்டும், வான்வழி வரைபடம் எடுக்க ஜூபெமிடம் தனியாகக் கேட்க வேண்டும். பூட்டை உடைக்கும் குறுக்குவழி தெரிந்த ஆள் எங்கும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

திசைகாட்டிப் பிழை: காங்கிரீட் ஜெட்டிக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது. மண் தரைக்கு மாறுங்கள், இல்லை மரப்படகிலிருந்து எழுப்புங்கள். படகு என்றால் ஒன்று நினைவிருக்கட்டும். 'வீடு திரும்பு' பொத்தானை அழுத்தினால் ட்ரோன் கிளம்பிய புள்ளிக்கு வரும், படகு அதற்குள் ஓதத்தோடு நகர்ந்திருக்கும். வந்து இறங்குவது தண்ணீரில்.

தண்ணீருக்கு மேல் தானாக இறங்குகிறது அல்லது ஒதுங்குகிறது: கீழ்நோக்கும் சென்சார் அலையைத் தரை என்று நம்புகிறது. தாழப் பறக்கும்போது அதை அணைத்துவிட்டு, உயரத்தைக் கண்ணால் கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஆர்டிகே (பறக்கும்போதே ஜிபிஎஸ் இடத்தைத் துல்லியமாகத் திருத்தும் முறை) 'ஃபிக்ஸ்' ஆகாமல் ஊசலாடுகிறது: காட்டோரத்தில் போன் சிக்னல் வலுவில்லை. அங்கேயே நின்று மல்லுக்கட்டாமல் பறந்து முடியுங்கள். ஜூபெமின் மைஆர்டிகேநெட் எனும் தரை நிலையங்களின் தரவை வாங்கி வீட்டில் பிபிகே முறையில், அதாவது பறந்து முடித்த பிறகு, திருத்திக்கொள்ளலாம்.

திரும்பும்போது பேட்டரி மளமளவென்று இறங்குகிறது: அதிகாலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். போகும்போது முதுகைத் தள்ளும், நீங்கள் ட்ரோன் நன்றாக ஓடுகிறது என்று மகிழ்வீர்கள். வரும்போது அதே காற்று முகத்தில் அறையும். கடல்காற்று எழும் முற்பகலில் இது நேர்மாறு. காலை என்றால் 40 சதவீதத்தில் திருப்பிவிடுங்கள்.

பருந்து வட்டமிடுகிறது: செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு இரண்டும் இங்கே உண்டு. கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவன் நான். ரிமோட்டைப் பிடித்திருக்கும்போது அதற்குக் கை இல்லை. நேராக மேலே ஏற்றுங்கள், பறவைக்குச் செங்குத்தாக ஏறுவது கடினம். பிறகு அந்த இடத்தை விட்டு விலகி, அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கூடு இருக்கலாம்.

கேமரா நடுங்குகிறது, மோட்டார் கரகரக்கிறது

உப்பு. கடற்கரையில் ஒரு காலை பறந்தாலே கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடல், கைகள், கேமராத் தாங்கி எல்லாவற்றையும் அன்றைக்கே துடையுங்கள். பேட்டரி முனைகளைக் காய்ந்த துணியால் மட்டும். இறக்கையைக் கழற்றி மோட்டாரை விரலால் சுற்றிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி வழுக்கிச் சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் தடுக்கினால் அடுத்த பறப்பு இல்லை, கடைக்குப் போகும் வழிதான். கேமராத் தாங்கியை மட்டும் கையால் திருப்பிச் சோதிக்காதீர்கள். கருவியை இயக்கிவிட்டு, அது தானாக நிமிரும்போது தயங்குகிறதா என்று காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள்.